முன்னால் போகிறவர்

இவாஞ்சலின் டீச்சருக்கு வேலூர் தெரியாது என்று சொன்னால் நாசரேத்தில் யாரும் நம்ப மாட்டார்கள். ஒரு மழைக்காலம் முழுக்க அங்கே கிடந்தவளாயிற்றே என்பார்கள். கிடந்தது உண்மைதான். ஆனால் கிடந்தது ஆஸ்பத்திரிக் கட்டிலில். சன்னல் வழியாக ஒரு தண்ணீர்த் தொட்டியும், அதற்குப் பின்னால் மரமில்லாத மலையில் ஒரு துண்டும் தெரியும். அவள் கண்ட வேலூர் அவ்வளவுதான். ஊரைச் சுற்றிப் பார்த்தது அவள் வீட்டுக்காரர் டைட்டஸ். அதுவும் ஒரே ஒரு சாயங்காலம், கூலிக்கு ஊர் காட்டும் ஒரு பாயோடு. அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு டைட்டஸைப் பார்த்ததாகச் சொன்னவர் யாரும் இல்லை.

அது இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம், கார்த்திகை மாதம். இப்போது இரண்டாயிரத்து எட்டு. இத்தனை வருஷம் வேலூர் என்ற பெயரைக் கேட்டாலே எழுந்து போய்விடுகிறவளை ஒரு கல்யாணப் பத்திரிகை திரும்ப இழுத்து வந்திருந்தது.

மகள் கிருபாவுக்குத் தை மாதம் கல்யாணம். அச்சாபீஸ்காரர் கேட்டது சின்னக் கேள்வி. பெண்ணுடைய அப்பா பெயருக்கு முன்னால் 'திரு' போடுவதா, 'காலஞ்சென்ற' போடுவதா? டைட்டஸின் அண்ணன் ஜார்ஜ் 'திரு'தான் என்றார். "செத்தவனுக்குத்தான காலஞ்சென்ற. ரயிலேறிப் போனவனுக்கு எதுக்கு?" மாப்பிள்ளை வீட்டில் வேறு மாதிரிக் கேட்டார்கள். 'திரு' என்றால் ஆள் எங்கே? கிருபா எதையும் கேட்கவில்லை. சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, "நீ எதச் சொல்லுதியோ அதப் போடுவோம்மா" என்றாள். இவாஞ்சலினுக்கு அதுதான் தாங்கவில்லை.

ஏனென்றால் அவளுக்கே தெரியாது. படுக்கையில் ஒரு பக்கம் புரண்டால் செத்துப் போனார். மறுபக்கம் புரண்டால் விட்டுப் போனார். செத்தவருக்காக அழலாம். விட்டுப் போனவரைத் திட்டலாம். இரண்டுக்கும் வழியில்லாமல், கலர் சேலை கட்டுவதா வெள்ளைச் சேலை கட்டுவதா என்றுகூடத் தெரியாமல், பொதுவாகச் சாம்பல் நிறத்தில் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வந்தாள்.

நடந்ததில் எல்லாருக்கும் தெரிந்தது இவ்வளவுதான். அவளுக்கு வயிற்றில் கட்டி. ஆபரேஷன் முடிந்து மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். டைட்டஸ் பாலாற்றுக்கு அக்கரையில், விருதம்பட்டுப் பக்கம், ஒரு வீட்டின் பின்கட்டில் அறை எடுத்திருந்தார். தினமும் காலையில் ஸ்டவ்வைப் பற்றவைத்துக் கஞ்சி காய்ச்சி, எவர்சில்வர் தூக்கில் ஊற்றி, மெயின் ரோட்டுக்கு நடந்து, பஸ்ஸுக்குக் காத்திருந்து, பாலத்தைத் தாண்டி, ஆஸ்பத்திரிக்கு வருவார். வந்து சேர்வதற்குள் கஞ்சி பசையாகியிருக்கும். ஒரு நாள் இவாஞ்சலின் ஒரு வாய் குடித்துவிட்டுத் தூக்கைத் தள்ளிவிட்டாள். "ஒரு நாளாவது சூடா கொண்டாரக் கூடாதா? நாய்க்கு ஊத்துத மாதிரி இருக்கு" என்றாள். மருந்து பேசியது என்று வைத்துக்கொள்ளலாம். டைட்டஸ் தூக்கை மூடினார். மத்தியானம் அவளுக்கே வருத்தமாகிவிட்டது. "என் மூஞ்சியவே எத்தன நாளைக்குப் பாத்துக்கிட்டு இருப்பிய? போய் ஊரயாவது சுத்திப் பாருங்க" என்று அனுப்பிவைத்தாள். அன்று காலையில் பெரிய டாக்டர் டைட்டஸைத் தனியாகக் கூப்பிட்டு, பிழைத்தால் உண்டு என்கிற மாதிரிப் பேசியிருந்தது அவளுக்கு அப்போது தெரியாது.

சாயங்காலம் பாய் டைட்டஸை ஆற்றங்கரையில் விட்டுவிட்டு நோன்பு திறக்கப் போய்விட்டார். ஆறு காய்ந்து கிடந்தது. மணலில் இறங்கி நேரே நடந்தால் அக்கரை. மறுநாள் விடியும்போதுதான் மேலே ஆந்திரா பக்கம் பெய்த மழையில் வெள்ளம் வந்தது. சாயங்காலம் ஆற்றைத் தாண்டினவரை விடியற்காலைத் தண்ணீர் எப்படி அடித்துப் போகும் என்று போலீஸ் கேட்டது. நியாயமான கேள்வி. அக்கரையில் அறையும் இருக்கிறது, கொஞ்சம் தள்ளிக் காட்பாடி ஜங்ஷனும் இருக்கிறது. வீட்டுக்காரர்கள் குடியாத்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்ததால் டைட்டஸ் அறைக்கு வந்தாரா என்று சொல்ல ஆள் இல்லை. "டாக்டர் சொன்னதக் கேட்டுப் பயந்துட்டான். வண்டியப் பிடிச்சுட்டான்" என்று ஜார்ஜ் முடித்துவிட்டார். பூட்டை உடைத்துச் சாமான்களை மூட்டை கட்டி வந்ததும் அவர்தான். "கஞ்சிச் சட்டியக்கூட கழுவல. அடிப்பிடிச்சு, நாத்தம் எடுத்து, அப்படியே போட்டுட்டு ஓடியிருக்கான். அவ்வளவு அவசரம்" என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்தார். ஒரு சட்டியை வைத்து ஒரு மனிதனை அவ்வளவு சுலபமாகக் கழுவி ஊற்றினார்கள்.

இவாஞ்சலின் பிழைத்துக்கொண்டாள். அதுதான் விசேஷம்.

ஊர் காட்டும் பாயைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. கோட்டை வாசலில் ஆட்டோக்காரர் ஒருவரிடம் கேட்டதும் அகழிச் சுவர்ப் பக்கம் கையைக் காட்டினார். அதாவுல்லா பாய்க்கு அறுபது வயது இருக்கும். ஒல்லியான ஆள், வெள்ளைத் தொப்பி. அந்தக் காலத்தில் மேல்விஷாரத்தில், தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. கல்கத்தா, கான்பூரிலிருந்து தோல் பார்க்க வரும் சேட்டுகளை மண்டி மண்டியாகக் கூட்டிப் போவார். ஷாப்பு மூடின பிறகு, வங்காளத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களின் சொந்தபந்தங்களுக்கு ஊரைக் காட்ட ஆரம்பித்தார். ஆயுள் முழுக்கத் தோலில் பிழைத்தவர் காலில் ரப்பர் செருப்பு.

"இன்னா பாக்கணும்மா? கோட்டை, மியூசியம், ஜலகண்டேஸ்வரர் கோயில். இல்லாங்காட்டி ஸ்ரீபுரம் தங்கக் கோயில். இப்ப எல்லாரும் அங்கதான் போறாங்க."

"கோட்டை. அப்புறம் லாங் பஜார். அப்புறம் தோல் மண்டி. கடைசில ஆத்தங்கரை" என்றாள். அன்றைக்குப் போலீஸ் காகிதத்தில் எழுதியிருந்த வழி அது.

பாய் தலையை ஆட்டினார். "அந்த ரூட்டுல நான் இப்ப போறதில்லம்மா. ஆத்துல இன்னா இருக்குது, மணல் லாரிதான்."

"என் வீட்டுக்காரர அப்படித்தான் கூட்டிட்டுப் போனிய. ஏழு வருசம் ஆச்சு. டைட்டஸ்."

அதாவுல்லா அகழிச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். தொப்பியைக் கழற்றி, தலையைத் தடவி, திரும்பப் போட்டுக்கொண்டார். "நீங்க பொழைச்சுட்டீங்களா" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதீங்க. அன்னிக்கு முழுக்க உங்களப் பத்தியேதான் பேசினாரு."

"அதே வழியில என்னையும் கூட்டிட்டுப் போங்க. அவிய எங்க எங்க நின்னாவளோ அங்க எல்லாம் நிக்கணும்."

"போயி இன்னா பண்ணப் போறீங்க?"

அவளுக்குக் கோபம் வந்தது. "அவியள செத்தவிய கணக்குல வைக்கவா, ஓடிப்போனவிய கணக்குல வைக்கவான்னு எனக்குத் தெரியணும். பிள்ளைக்குக் கல்யாணம்."

பாய் எழுந்து வேட்டியை உதறினார். "பகல்லயே போயிட்டு வந்துடலாம். நோன்பு தொறக்கற நேரத்துக்கு நான் பள்ளிவாசல்ல இருக்கணும்." அன்றைக்குப் போலவே இதுவும் ரம்ஜான் மாதம்தான். அவள் அதை யோசித்து வரவில்லை.

பாயின் தொழிலுக்கு ஒரு முறை இருந்தது. மற்ற வழிகாட்டிகளைப் போல முன்னால் போய்க் கையை நீட்டி நீட்டிப் பேச மாட்டார். வந்தவர் முன்னால் நடக்க வேண்டும். பாய் பின்னால் வந்து ரைட்டு, லெஃப்ட்டு என்று சொல்வார். வந்தவர் கையில் எதுவும் இருக்கக் கூடாது. "பஜார்ல பையையும் பாக்கெட்டையும் பாத்துக்கினு நடந்தா ஊரை எப்பப் பாக்கறது? நீங்க ஊரைப் பாருங்க, நான் உங்களப் பாத்துக்கறேன். எங்கிட்ட வந்த ஆளு அமானத்து மாதிரி. நம்பிக் குடுத்த பொருளு. எடுத்த எடத்துல கொண்டு போயி வெச்சாத்தான் எனக்கு வேலை முடிஞ்சுது." சொல்லி முடிக்கும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது. இவாஞ்சலின் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள்.

கோட்டைக்குள் கோயிலும் சர்ச்சும் மசூதியும் ஒரே மதிலுக்குள் இருந்தன. டைட்டஸ் சர்ச் வாசலில் நின்று கையைக் கட்டிக்கொண்டு ஜெபம் பண்ணினார் என்றார் பாய். அவளும் நின்றாள். ஜெபம் வரவில்லை. வெயிலும் வேப்பம்பழ வாடையும்தான் வந்தன. திரும்பி நடக்கும்போது பாய், "பாத்து, படி ஒடஞ்சிருக்குது" என்றார். அவள் காலடியில் படியே இல்லை. நாலு தப்படி தள்ளித்தான் உடைந்த படி வந்தது. வயசானவர், முன்கூட்டியே சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

லாங் பஜாரில் அப்படி நினைக்க முடியவில்லை. சைக்கிளும் கைவண்டியும் மூட்டைத் தலைகளுமாக நகர முடியாத தெரு. வெங்காய மூட்டை ஏற்றிய கைவண்டி ஒன்று எதிரே வந்தது. வண்டிக்காரர் அவளுக்கு வெகு முன்பாகவே வண்டியை நிறுத்தி, யாருக்கோ வழி விட்டு, "போங்க சார்" என்றார். அவளுக்கு முன்னால் சார் யாரும் இல்லை. ஒரு ஆள் நடக்கிற அளவுக்கு இடம் வெறுமையாக இருந்தது. அவ்வளவு நெரிசலிலும் அந்த இடத்துக்குள் யாரும் வரவில்லை. அவள் நடந்தால் அதுவும் நகர்ந்தது. அவள் நின்றால் அதுவும் நின்றது.

"ரைட்டுல" என்றார் பாய், அவள் தலைக்கு மேலாக முன்னே பார்த்து.

ரம்ஜான் என்பதால் டீக்கடை வாசலில் படுதா தொங்கியது. டைட்டஸ் இங்கேதான் டீ குடித்தார் என்று சொல்லி பாய் வெளியிலேயே நின்றுகொண்டார். இவாஞ்சலின் உள்ளே போய் ஒரு டீ கேட்டாள். டீ மாஸ்டர் இரண்டு கிளாஸை வைத்தார்.

"ஒண்ணுதான் கேட்டேன்."

"பாய்க்குத்தான் நோன்பு. ரெண்டு பேரு உள்ள வந்தீங்க இல்ல?" என்றவர் அவள் பக்கத்தில் பார்த்தார். படுதாவைப் பார்த்தார். "இப்ப நின்னுக்கினு இருந்தாரே" என்று முணுமுணுத்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டாவது கிளாஸை அவர் திரும்ப எடுக்கவில்லை. அவளும் தன் டீயைக் குடிக்கவில்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஆவி பறந்துகொண்டிருக்க, படுதாவை விலக்கி வெளியே வந்தாள்.

இவாஞ்சலின் பேய் பிசாசுக்குப் பயப்படுகிற ரகம் இல்லை. பிள்ளைகள் புளியமரத்தைப் பார்த்துப் பயந்தால் அதன் அடியிலேயே வகுப்பு நடத்துகிறவள். ஆனால் தோல் மண்டித் தெருவுக்குத் திரும்பும்போது அவளுக்கு முதுகு சில்லிட்டது. உப்புப் போட்டு மடித்த ஆட்டுத் தோல்கள் வாசல் வாசலாக அடுக்கியிருந்தன. அந்த வாடை மூக்கில் ஏறியது. தெருவில் ஜனமே இல்லை. அப்போதும் பாய், "லெஃப்ட்டுல திரும்பிக்கோங்க சார்" என்றார்.

அவள் நின்று திரும்பினாள். "பாய், யார்ட்ட பேசுதிய?"

அதாவுல்லாவின் உதடு காய்ந்திருந்தது. நோன்பில் காய்ந்ததா வேறெதிலா என்று தெரியவில்லை. "எங்க மார்க்கத்துல இதெல்லாம் பேசக்கூடாதும்மா. உங்களுதுலயும் கூடாதுன்னு நெனைக்கறேன்."

"பரவால்ல. பேசுங்க."

"அதே வருஷம், பெருநாள் முடிஞ்சு இந்த ரூட்டுல மொதல் தடவை வந்தேன். அஸ்ஸாம்காரங்க, புருஷன் பொண்டாட்டி. அவங்களுக்கு முன்னால ஒருத்தரு போய்க்கினு இருந்தாரு. வழியில போறவருன்னு நெனைச்சேன். நான் ரைட்டுன்னு சொன்னா அவரும் ரைட்டுல திரும்பறாரு. நிக்கச் சொன்னா நிக்கறாரு. மூஞ்சியைக் காட்டல. முதுகுதான். நான் எல்லாரையும் முதுகுலதானே பாக்கறேன், எனக்கு முதுகு மறக்காது." கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்புறமும் ரெண்டு மூணு தடவை. அதோட இந்த ரூட்டை வுட்டேன். ரொம்ப பேஜாராப் போச்சு."

"இப்ப இருக்காவளா?"

பாய் அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தார். "நாம நிக்கறோம். அதான் நிக்கறாரு."

அவளுக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய பயம், திரும்பினால் அங்கே ஒன்றும் இருக்காதே என்பது. ஏழு வருஷமாகத் தேடினவர் இரண்டு எட்டு முன்னால் இருக்கிறார் என்று ஒருவர் சொல்கிறார். பார்த்துவிட்டு, இல்லை என்று ஆகிவிட்டால்? ஒருவழியாகத் திரும்பினாள். வெயில் விழுந்த தெரு. உப்புத் தோல். ஒரு பூனை. அவ்வளவுதான். "நடங்க" என்றாள் பொதுவாக, இரண்டு பேருக்கும் சேர்த்து.

ஆற்றங்கரைக்கு வரும்போது வெயில் மஞ்சளாகியிருந்தது. பாலாறு என்று சொன்னால்தான் ஆறு. கண்ணுக்கெட்டின மட்டும் மணல், நடு நடுவே சீமைக் கருவேலம், லாரிக்காரர்கள் தோண்டிய பள்ளங்கள். மணலில் இறங்கி அக்கரைக்குப் போகும் ஒற்றையடிப் பாதை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு குடும்பம் சாவகாசமாகத் தாண்டிக்கொண்டிருந்தது. தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவளுக்கு அதைப் பார்க்கவே என்னவோ போல இருந்தது. அவர்கள் ஊரில் கோடையில்கூட ஆற்றை நம்பிக் கால் வைக்க மாட்டார்கள்.

"இங்கதாம்மா. பாங்கு சொல்ற நேரம் ஆயிடுச்சு. பாலத்து மேல போனா பஸ்ஸு, டிராபிக்கு. நேரா மணல்ல எறங்கிடுங்க சார், உங்க ரூமு அந்தத் தென்னமரத்துக்குப் பின்னாலதான்னு காமிச்சேன். எடுத்த எடத்துல விடல. எங்களுக்கு இது ஆறே இல்லம்மா, ரோடு. பொறந்ததுலேந்து இதுல நடக்கறோம். தண்ணி வரும்னு ஒருத்தரும் ஒருத்தருக்குச் சொன்னதில்ல. வந்தா திருவிழா மாதிரி பாக்கப் போவோம்." பாய் நிறுத்தினார். "ஆனா போலீஸு சொன்னது நெசம். சாயங்காலம் தண்ணி இல்ல. அவரு தாண்டிட்டாரு. அந்தக் கரைல ஏறி எனக்குக் கையை ஆட்டினாரு. நான் பாத்தேன்."

போலீஸ் சொன்னதைக் கண்ணால் பார்த்தவரே சொல்லிவிட்டார். அப்படியானால் காட்பாடி. அப்படியானால் ஜார்ஜ் சொன்னதுதான். இதைக் கேட்கத்தான் இவ்வளவு தூரம் வந்தாளா? "திரு என்றே போட்டுவிடலாம், போனவர் போகட்டும்" என்று நினைத்தபோது அழுகைகூட வரவில்லை. வெறுமனே கேட்டாள். "இப்ப எங்க நிக்காவ? அக்கரையப் பாத்துக்கிட்டா?"

"இல்லம்மா." பாயின் குரல் மெல்லியதாகியிருந்தது. "நான் இந்த எடத்துக்கு வந்தா ஓடிடுவேன். இன்னிக்குத்தான் நின்னு பாக்கறேன். ஆத்துக்கு முதுகைக் காட்டி நிக்கறாரு. மொதல் தடவையா மூஞ்சி தெரியுது. ஊரு பக்கம், ஆஸ்பத்திரி பக்கம் பாத்துக்கினு நிக்கறாரு. வேட்டி முட்டி வரைக்கும் ஈரம். தூக்கு கையில இருக்குது."

"என்ன தூக்கு?"

"கஞ்சித் தூக்கு. துண்டைச் சுத்தி நெஞ்சோட அணைச்சுப் புடிச்சிருக்காரு. எப்பவும் அப்படித்தான். பின்னாலேந்து பாத்தா மொழங்கை மடங்கியிருக்கும், கொழந்தையத் தூக்கிக்கினு போறாப்பல. தூக்குன்னு இப்பத்தான் தெரியுது."

"அன்னைக்கு ஊர் சுத்தும்போது தூக்கு கையில இருந்துச்சா?"

"எப்படி இருக்கும்? வெறுங்கையோட வரணும்னு சொன்னது நான்தானே. அவரைக் கூப்பிட ரூமுக்குப் போயிருந்தேன். நான் வாசல்ல நிக்கறேன், அவரு தூக்கையும் கஞ்சிச் சட்டியையும் வெளக்கி, சன்னல்ல கவுத்து வெச்சுட்டு, அப்புறந்தான் பூட்டினாரு. பளபளன்னு இருந்துது, எம் பொஞ்சாதிகூட அப்படி வெளக்க மாட்டான்னு கிண்டல் பண்ணேன்."

இவாஞ்சலின் கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

விளக்கிக் கவிழ்த்த சட்டி. ஜார்ஜ் பூட்டை உடைத்தபோது அந்தச் சட்டியில் கஞ்சி அடிப்பிடித்துக் கிடந்தது. அவர் கட்டி வந்த மூட்டையை அவள் பிரித்திருக்கிறாள். ஸ்டவ் இருந்தது, கோரைப்பாய் இருந்தது, சட்டைகள் இருந்தன. தூக்கு இல்லை. வார்டில் தொலைந்திருக்கும் என்று அவளும், எவனாவது எடுத்திருப்பான் என்று ஜார்ஜும் விட்டுவிட்டார்கள். ஒரு தூக்கைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்? ரயிலேறி ஓடுகிறவன் இராத்திரி அறைக்கு வந்து படுத்து, விடிவதற்கு முன் எழுந்து, கஞ்சி காய்ச்சித் தூக்கில் ஊற்றிக்கொண்டா ஓடுவான்?

"பாய்," என்றாள். "இந்த வழியப் பத்தி அவிய ஏதும் கேட்டாவளா?"

"கேட்டாரு. இப்படி வந்தா ஆஸ்பத்திரிக்கு சீக்கிரம் வந்துடலாமான்னு."

"வந்தா-ன்னா கேட்டாவ? போனா-ன்னு இல்லியா?"

"வந்தா-ன்னுதான். நானும் சொன்னேன், பஸ்ஸை விட சீக்கிரம், பாதி நேரம்தான், டீய எடுத்துக்கினு வந்தாக்கூட ஆறாதுன்னு." சொல்லிவிட்டு அதாவுல்லா வாயில் கையை வைத்துக்கொண்டார். அவருக்கும் புரிந்துவிட்டது.

துண்டு சுற்றி டைட்டஸ் ஒருநாளும் கொண்டுவந்ததில்லை. அன்றுதான் சுற்றியிருக்கிறார். இருட்டு பிரிகிற நேரம், மணல் நடுவே, தூக்கை நெஞ்சோடு அணைத்து, ஆறிவிடக் கூடாதென்று வேகமாக நடந்து வந்திருக்கிறார். முதல் நாள் இந்த ஊர்க்காரர் ஒருவர் ரோடு என்று காட்டிய ஆறு. அதில் எங்கோ பெய்த மழை, வழியிலிருந்த தோல் ஷாப்புக் கழிவையெல்லாம் வாரிக்கொண்டு நுரையும் நாற்றமுமாக வந்திருக்கிறது. லாரிப் பள்ளங்கள் முதலில் நிறைந்திருக்கும். பாதை எது பள்ளம் எது என்று அசலூர்க்காரருக்கு எப்படித் தெரியும்? அந்தக் காலை அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. நர்ஸ் வந்து, பாலாற்றில் தண்ணி வந்துவிட்டதாம் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். வார்டே சந்தோஷப்பட்டது. ஊர் ஜனம் பூப்போட்டுக் கும்பிடப் போனது. இவாஞ்சலின் மட்டும், மணியாகியும் இந்த மனுஷன் கஞ்சியைக் கொண்டு வரவில்லையே என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

விட்டுப் போகவில்லை. அவளிடம் வந்துகொண்டிருந்தார். அவள் சொன்ன ஒரு சொல்லுக்காக வந்துகொண்டிருந்தார்.

அழுதாள். நன்றாக, சத்தம் போட்டு, ஏழு வருஷத்துக்கும் சேர்த்து அழுதாள். சைக்கிள் குடும்பம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போயிற்று. ஆற்றங்கரையில் அழுகிறவளை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அதாவுல்லா கொஞ்சம் தள்ளி, கைகளைக் கட்டிக்கொண்டு, அவளைப் பார்க்காமல் நின்றார். அவர் கண்ணிலிருந்தும் வழிந்துகொண்டிருந்தது.

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்து, கைப்பையிலிருந்து செல்போனை எடுத்தாள். "கிருபா, அச்சாபீஸ்ல சொல்லிரு. காலஞ்சென்றன்னு போடச் சொல்லு."

"நெசமாவாம்மா? பெரியப்பா குதிப்பாவளே."

"குதிக்கட்டும். அந்தக் கஞ்சிச் சட்டியப் பத்திப் பெரியப்பாட்ட நான் பேசிக்கிடுதேன். அப்பா நம்மள விட்டுட்டுப் போகலட்டி. அத மட்டும் இப்ப தெரிஞ்சுக்கோ. மிச்சத்த வந்து சொல்லுதேன்."

பாங்கு கேட்டது. கரைக்கு மேலே சின்னப் பள்ளிவாசல் ஒன்று இருந்தது. "இப்ப வந்துடறேன்" என்று பாய் வேகமாக ஏறிப் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு சொம்பு, தோள்துண்டால் பிடித்திருந்தார். நோன்புக் கஞ்சி. பட்டை, இஞ்சி வாடையோடு ஆவி பறந்தது. "நான் ஒரு பேரீச்சம்பழம் போட்டுக்கினேன். இது உங்களுக்கு. காலையிலேந்து நீங்களும் ஒண்ணும் துன்னல."

இவாஞ்சலின் சொம்பை இரண்டு கையாலும் வாங்கினாள். முந்தானையைச் சுற்றிக்கொண்டும் கை சுட்டது. முதல் வாயிலேயே நாக்கு பொத்துப்போயிற்று. நிறுத்தாமல் குடித்தாள். கண்ணீரும் சேர்ந்து வாய்க்குள் போனது. கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டு, சொம்பைக் கவிழ்த்துக் காட்டினாள். ஆஸ்பத்திரியில் பிடிவாதம் பிடிக்கும் நாட்களில் டைட்டஸ் அப்படிக் காட்டச் சொல்வார்.

"சூடாத்தான் இருந்துச்சு" என்றாள், பாயைப் பார்த்து அல்ல. "வந்து சேந்துட்டிய. போதும். போய் இளைப்பாறுங்க."

காற்று இல்லை. மணலில் இருட்டு இறங்கிக்கொண்டிருந்தது. அதாவுல்லா வெகுநேரம் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா. கூட்டியாந்த எடத்துல கொண்டு போயி விடணும்."

அவள் முன்னால் நடந்தாள். பாய் பின்னால் வந்தார். தோல் மண்டித் தெருவைத் தாண்டி லாங் பஜாருக்குள் நுழையும்போது நோன்பு திறந்த ஜனம் தெருவை நிறைத்திருந்தது. அவளுக்கு முன்னால் இருந்த இடத்தில் ஆட்கள் இடித்துக்கொண்டு நடந்தார்கள். ஒரு கைவண்டி நேரே அவள் மேல் மோதுகிற மாதிரி வந்து விலகியது.

"ரைட்டுல" என்றார் பாய். அவள் மட்டும் திரும்பினாள்.